ரிவால்வருக்கு வயது என்ன?

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள். மணியாச்சிச் சந்திப்பில் நின்றிருந்த இரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் சற்று நேரத்தில் தம்மையும் சுட்டுக்கொண்டு மடிந்தார். தமிழறிந்தோர் அனைவரும் அறிந்த நிகழ்வு இது. ஆயின் அவர் கையிலிருந்த ஆயுதம் யாது என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலோர் 'ரிவால்வர்' என்பர். நம்மவர் எழுதிய நூல்கள் சிலவும் அவ்வாறே கூறும். உண்மையில் அது ரிவால்வர் அன்று. பெல்ஜியத்தில் உருவான பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல்.

'இதிலென்ன பெரிய வேறுபாடு? இரண்டும் கைத்துப்பாக்கிதானே?' என்று தோன்றலாம். வேறுபாடு உண்டு. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளை ஒன்றில் அமர்ந்திருக்கும். சுட்ட பின்னும் வெற்றுக் கூடுகள் அவ்வுருளையிலேயே தங்கும். தானியங்கிப் பிஸ்டலோ ஒவ்வொரு முறை சுடும்போதும் வெற்றுக் கூட்டை வெளியே உமிழ்ந்துவிடும். முன்னதில் சுட்டவர் தாமே கூடுகளை வெளியேற்றினாலன்றி நிகழ்விடத்தில் அவை கிடைக்கா. பின்னதில் தரையில் சிதறிக் கிடக்கும். ஒரு சொல்லை மாற்றினால் சான்றுகளின் பொருளே மாறிவிடும்! எந்த ஆயுதம், எங்கே செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமல், 'இன்னாருடைய துப்பாக்கி இது' என்று அருங்காட்சியகப் பேழையின் மீது எழுதி வைப்பது வரலாறாகாது.

இக்கட்டுரையில், பழைய ரிவால்வர் ஒன்றை இனங்காண்பதும் அதன் காலத்தைக் கணிப்பதும் எவ்வாறு என்று காண்போம். கல்வெட்டு ஆர்வலர்களுக்கு இது புதிய கலையன்று. நாம் கல்லில் செய்வதையே இங்கு இரும்பில் செய்கிறோம், அவ்வளவே.

இரும்பில் ஒரு கல்வெட்டு

காலக்குறிப்பில்லாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால் என்ன செய்கிறோம்? முதலில் எழுத்தமைதியைப் பார்க்கிறோம். அது நூற்றாண்டைச் சொல்லும். அடுத்து மெய்க்கீர்த்தியைப் பார்க்கிறோம். ஈழ வெற்றியைக் கூறும் மெய்க்கீர்த்தி அவ்வெற்றிக்கு முன் வெட்டப்பட்டிருக்க இயலாது. இறுதியாக ஆட்சியாண்டு கிடைத்தால் காலம் துல்லியமாகிறது. ரிவால்வருக்கும் இம்மூன்று படிகளே. எழுத்தமைதியின் இடத்தில் உடலமைப்பு; மெய்க்கீர்த்தியின் இடத்தில் முத்திரைகள்; ஆட்சியாண்டின் இடத்தில் வரிசை எண். இவ்வரிசையிலேயே செல்லவேண்டும். முத்திரையை முதலில் படித்துவிட்டு அதற்கேற்ப உடலமைப்பைக் காண முனைவோர் வழி தவறுவர்.

முதற்படி: உடலமைப்பு

சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளை என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்ததுதான். ஆனால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை ஓரறை நகர்ந்து குழலுக்கு நேரே பூட்டிக்கொள்ளும் பொறியமைப்பைப் பெரும் அளவில் செய்து விற்றவர் அவரே. அவரது முதல் நிறுவனம் 1842இல் நொடித்தது. மெக்சிகோவுடனான போர் அவருக்கு மறுவாழ்வு அளித்தது; 1847இல் மீண்டும் தொடங்கினார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் அவருடைய துப்பாக்கிகள் வைக்கப்பட்டன. 1853 முதல் சில ஆண்டுகள் இலண்டனிலேயே தொழிற்சாலையும் நடத்தினார்.

அதே 1851இல் ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸ் மாற்று வடிவம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கோல்ட்டின் துப்பாக்கியில் உருளைக்கு மேலே ஒன்றுமிராது, வெறுமையாக இருக்கும். ஆடம்ஸ் துப்பாக்கியில் உருளையைச் சுற்றி நான்கு புறமும் இரும்புச் சட்டம் உண்டு. கோல்ட்டில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்கவேண்டும். ஆடம்ஸில் விசையை அழுத்தினாலே போதும். சுத்தியல் தானே எழுந்து விழும். பின்னர் போமாண்ட் என்ற படையதிகாரி இரு முறைகளையும் ஒன்றிணைத்தார். 1856இல் பிரிட்டிஷ் படை ஏற்றது அந்தப் போமாண்ட்-ஆடம்ஸ் வகையையே. மறு ஆண்டில் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி வெடித்தபோது ஆங்கில அதிகாரிகளின் இடுப்பில் இருந்தவை கோல்ட்டும் ஆடம்ஸுமே.

இவ்விரண்டிலும் இன்றைய வகைத் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமிருந்து கரிமருந்தை இட்டு, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்தி, பின்புறமுள்ள சிறு முளையில் செப்புத் தொப்பி ஒன்றை மாட்டவேண்டும். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் மூதாதை என்று அத்தொப்பியைக் கொள்ளலாம். சுத்தியல் அதன்மேல் விழ, தீப்பொறி உள்ளே சென்று மருந்தைக் கொளுத்தும்.

ஆக, முதற் சோதனை மிக எளிது. உருளையைப் பின்புறமிருந்து நோக்குக. அறைகள் மூடியிருந்து முளைகள் தென்பட்டால் அது தொப்பிக் காலத்தது. அறைகள் இருமுனையும் திறந்த நேர்த்துளைகளாக இருந்தால் அது தோட்டாக் காலத்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சுவையான சட்டக்கதை உண்டு. உருளையை நேர்த்துளையாகத் துளைப்பதற்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் அவ்வுரிமையைத் தமக்கென வாங்கி, 1857இல் தம் முதல் மாதிரியை வெளியிட்டனர். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் ஒயிட்டுக்கு உரியது. ஆனால் உரிமையை மீறுவோர்மேல் வழக்காடும் பொறுப்பும் செலவும் அவருடையதே! வந்த பணத்தில் பெரும்பகுதி நீதிமன்றங்களுக்கே போயிற்று. 1869இல் அக்காப்புரிமை முடியும் வரை பிற அமெரிக்க நிறுவனங்கள் கைகட்டிக் காத்திருந்தன. அமெரிக்க ரிவால்வர்களில் தோட்டா வகை 1870களில் திடீரெனப் பெருகுவதற்குக் காரணம் இதுவே. ஒரு பொறிநுட்பத்தின் காலவரிசையை நீதிமன்றம் வகுத்ததை இங்குக் காண்கிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. காப்புரிமை முடிந்ததும், பழைய தொப்பி வகைத் துப்பாக்கிகள் பலவற்றைத் தோட்டா வகையாக மாற்றியமைத்தனர். பல்லவர் குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தார் மண்டபம் எடுத்தது போன்றதே இது. சட்டகம் ஒரு காலம், உருளை ஒரு காலம். இரண்டுக்கும் தனித்தனியே வயது சொல்லவேண்டும்.

தோட்டாக் காலத்து ரிவால்வர்களை, கூடுகளை வெளியேற்றும் முறையைக் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம். பின்பக்கத்தில் சிறு கதவொன்றைத் திறந்து, கூடுகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளுவது முதல்வகை. 1873இல் வந்த கோல்ட் இதற்கு நல்ல சான்று. குழலும் உருளையும் கீலில் கவிழ்ந்து, துப்பாக்கி நடுவே மடங்கித் திறக்க, எல்லாக் கூடுகளும் ஒருசேர எழுவது இரண்டாம் வகை. உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே சாய்வது மூன்றாம் வகை. இது 1889க்குப் பின் அமெரிக்காவில் வேரூன்றியது. இரண்டாம் வகையின் பேரரசர் என்று சொல்லத்தக்கது பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி.

வெப்லியின் ஆறு படிகள்

பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றைப் படிப்போர் மீண்டும் மீண்டும் சந்திக்கும் பெயர் வெப்லி. படையதிகாரி, காவல்துறைக் கண்காணிப்பாளர் எனப் பலர் இடுப்பிலும் அது தொங்கியது. 1887இல் பிரிட்டிஷ் படை 'மார்க் 1' வெப்லியை ஏற்றது. தொடர்ந்து 1890களில் மார்க் 2, 3, 4 ஆகியன வந்தன. நான்காவது 1899இல் தோன்றியது. தென்னாப்பிரிக்கப் போரில் பெரிதும் பயன்பட்டதால் 'போயர் போர் மாதிரி' என்றே பெயர் பெற்றது. மார்க் 5 வந்தது 1913இல்; மார்க் 6, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 மே மாதத்தில். இவை அனைத்துக்கும் குழல்வாய் 0.455 அங்குல வகை.

தொலைவிலிருந்தே வெப்லியை அடையாளங்காண உதவுவது, உருளைக்கும் சுத்தியலுக்கும் இடையே மேற்புறத்தில் அங்கவடி போல வளைந்து நிற்கும் தாழ்ப்பாள். அதைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி மடங்கித் திறக்கும். அடுத்துப் பார்க்கவேண்டியது கைப்பிடி. முதல் ஐந்து மார்க்குகளில் கைப்பிடியின் அடி பறவையின் அலகு போல வளைந்து குவியும். ஆறாவதில் அது சதுரமாக வெட்டப்பட்டு அகன்றிருக்கும். ஆறாவதன் குழல் ஆறங்குலம். முந்தையவற்றில் பெரும்பாலும் நான்கங்குலமே. ஐந்தாவதன் உருளை முன்னையவற்றினும் சற்றே பருத்தது. ஏன்? கரிமருந்து போய்ப் புகையில்லா வெடிமருந்து வந்துவிட்டது. அதன் அழுத்தத்தைத் தாங்க உலோகம் தடித்தாக வேண்டியிருந்தது. தூணின் போதிகை வளர்ச்சியைக் கொண்டு கோயிலின் காலத்தைக் கணிப்பவர்களுக்கு இந்த நுணுக்கம் உடனே பிடிபடும். போதிகையின் தரங்கம் அழகுக்காக மாறியது. இங்கு உருளை தேவைக்காக மாறியது.

1932இல் பிரிட்டிஷ் படை 0.38 அங்குல என்ஃபீல்டு ரிவால்வருக்கு மாறியது. தோற்றத்தில் அது வெப்லியின் தம்பி போலவே இருக்கும். 1938 முதல் வந்த ஒரு வகையில் சுத்தியலின் முதுகில் கட்டைவிரல் வைக்கும் கொம்பு இராது. டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களின் உடையில் அது மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். அவ்வாறே, விடுதலைக்குப் பின் கான்பூரில் நம் அரசின் தொழிற்சாலை செய்த 0.32 ரிவால்வரும் வெப்லியின் வடிவத்தைத் தழுவியதே. ஆகவே வெப்லி போல் இருக்கிறது என்பதாலேயே 'வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி' என்று முடிவு கட்டிவிடலாகாது. வடிவம் குடும்பத்தைச் சொல்லும். பிறந்த ஆண்டைச் சொல்லாது.

இரண்டாம் படி: முத்திரைகள்

இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்கு முன் சோதனைச்சாலையில் மிகையான மருந்திட்டு வெடித்துப் பார்க்கப்படும். தேறியவற்றுக்கு முத்திரை குத்துவர். இலண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கமும், 1813 முதல் பர்மிங்ஹாமில் தனிச் சோதனைச்சாலையும் இப்பணியைச் செய்தன. பர்மிங்ஹாம் முத்திரைகள் 1904இல் மாறின. அதற்கு முன்னர் கிரீடத்தின் கீழ் குறுக்காகக் கிடக்கும் இரு செங்கோல்களும் அவற்றிடையே எழுத்துகளும் இருந்தன. பின்னர் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. 1950களின் நடுவே பி.என்.பி. என்ற மூன்றெழுத்து வந்தது. ஆக, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு இம்முத்திரையைப் படித்துவிட்டால், துப்பாக்கி 1904க்கு முன்னதா பின்னதா என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை, முட்டை வடிவக் கட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள். 1893 முதல் அதன் தலையில் ஒரு கிரீடம் ஏறியது. இச்சிறு முத்திரை பல பெரிய பொய்களை உடைத்திருக்கிறது. எப்படி என்கிறீர்களா? வெப்லி நிறுவனம் 1870களில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற குட்டைக் குழல் ரிவால்வரை விற்றுப் பெரும்பெயர் பெற்றது. உடனே பெல்ஜியப் பட்டறைகள் அதே வடிவில் செய்து, அதே பெயரை மேலே பொறித்து உலகெங்கும் அனுப்பின. மேலே 'பிரிட்டிஷ்' என்று பெரிய எழுத்து; உருளையில் லியேஜ் முத்திரை சிறிய எழுத்து! எதை நம்புவது? பெரிய எழுத்து விற்பவன் எழுதியது. சிறிய எழுத்து சோதித்தவன் எழுதியது. சிறியதையே நம்பவேண்டும்.

அடுத்து நிறுவனத்தின் பெயர். 1897 வரை 'பி. வெப்லி அண்டு சன்'. அவ்வாண்டில் வேறு இரு நிறுவனங்கள் இணைந்தபோது நீண்டதொரு புதுப்பெயர். 1906 முதல் 'வெப்லி அண்டு ஸ்காட்'. ஆகவே ஸ்காட்டின் பெயரைத் தாங்கிய துப்பாக்கி 1857 கிளர்ச்சியில் வெடித்தது என்று யாரேனும் கூறினால் புன்னகையுடன் நகர்ந்துவிடலாம்.

அரசுடைமைக் குறி வேறு. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்பு வடிவம் பிரிட்டிஷ் அரசின் சொத்தைக் குறிக்கும். அதன் கீழ் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருப்பின் இந்திய அரசின் படைக்கலம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதனைச் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். அரசமுத்திரையில் வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா, அவர் மறைந்தது 1901இல். ஜி.ஆர். என்றிருந்தால் ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜ். ஆட்சியாண்டு முறையிலேயே ஊறிய நமக்கு இது கைவந்த கலைதானே!

ஆட்சியாண்டு என்றதும் இத்தாலி நினைவுக்கு வருகிறது. ரிவால்வர் அன்றெனினும் ஒப்புநோக்கத் தக்க சான்று அது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைக் கொன்றது இத்தாலியப் பெரெட்டாப் பிஸ்டல். 1934ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது. அம்மாதிரியில் உற்பத்தி ஆண்டை இரு முறைகளில் பொறித்தனர். ஒன்று கிறித்தவ ஆண்டு. மற்றொன்று முசோலினி ஆட்சியைப் பிடித்த 1922 அக்டோபர் முதல் எண்ணப்பட்ட பாசிச ஆண்டு, ரோம எண்ணில். 1937 என்பதன் அருகே 15 என்றிருக்கும். சக ஆண்டும் மன்னரின் ஆட்சியாண்டும் அருகருகே நிற்கும் கல்வெட்டு கிடைத்தால் நாம் எவ்வளவு மகிழ்வோம்! சர்வாதிகாரியின் செருக்கு, ஆய்வாளருக்கு உதவியாயிற்று.

முத்திரைகளில் பலரையும் ஏமாற்றுவது காப்புரிமை ஆண்டு. 1873ஆம் ஆண்டுக் கோல்ட்டின் சட்டகத்தில் 1871, 1872 ஆகிய ஆண்டுகளும், பின்னாளில் 1875உம் பொறிக்கப்பட்டன. காண்போர் உடனே '1871இல் செய்தது' என்பர். அம்மாதிரியே 1873இல்தான் வெளிவந்தது! காப்புரிமை ஆண்டு சொல்வது ஒன்றே: இத்துப்பாக்கி இவ்வாண்டுக்கு முற்பட்டதன்று. எவ்வளவு பிற்பட்டது என்பதை அது சொல்லாது. 1875 என்ற பொறிப்புடைய துப்பாக்கி 1890இலும் செய்யப்பட்டிருக்கலாம். மாறாக, வெப்லி மார்க் 6இல் 'காப்புரிமைகள்' என்ற சொல்லை அடுத்து வரும் ஆண்டு உற்பத்தி ஆண்டேயாகும். ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை மற்றொன்றின்மேல் ஏற்றிப் படிக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

போலிகளும் புதுப்பித்தல்களும்

பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்றோர் ஊர். தலைமுறை தலைமுறையாக அங்குள்ள பட்டறைகளில் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து வருகின்றனர். அம்மலைப்பகுதிப் படிகள் 'கைபர் கணவாய்ப் படிகள்' என்று அறியப்படுகின்றன. கைவேலையில் குறைவிராது. ஆனால் முத்திரையில் பிடிபட்டுவிடுவர். ஆங்கிலம் அறியாதவர் பார்த்துப் பொறித்ததால் சில எழுத்துகள் கண்ணாடியில் காண்பதுபோல் திரும்பியிருக்கும், சொற்களில் பிழையிருக்கும். விக்டோரியாவின் முத்திரையருகே அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்! எழுத்தமைதியும் அரசர் பெயரும் முரண்படும் போலிச் செப்பேடுகளை இனங்காண்பதும் இம்முறையில்தானே?

எனினும் எல்லா முரண்பாடும் போலியன்று. பழைய கோயிலைக் கற்றளியாக்கும்போது, முந்தைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டிவைத்த நேர்மையாளர்கள் நம்மிடையே இருந்தனர். எழுத்து பிற்காலத்தது, செய்தி முற்காலத்தது. துப்பாக்கியிலும் இவ்வாறு நேரும். படைக்கலச் சாலைகள் பழுதுபார்க்கையில் ஒன்றன் உருளையை மற்றொன்றில் மாட்டும், மேற்பூச்சைப் புதுப்பிக்கும். வெப்லியில் சட்டகம், குழல், உருளை ஆகியவற்றில் ஒரே வரிசை எண் இருத்தல் வேண்டும். வேறுபட்டால் அது போலி என்று பொருளன்று. பல துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றுசேர்ந்தது என்றே பொருள். அமெரிக்காவுக்குச் சென்ற வெப்லிகள் பலவற்றில், அந்நாட்டுத் தோட்டா பொருந்துவதற்காக உருளையின் பின்புறத்தைச் சீவிவிட்டனர். அவற்றின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.

மூன்றாம் படி: வரிசை எண்

இனி, உள்ளத்தைத் தொடும் பகுதிக்கு வருவோம். துப்பாக்கியில் எண்ணை ஏன் பொறித்தனர்? கணக்குக்காக. ஆனால் அந்த எண் யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்குக் கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்கச்சாலையிலிருந்து எடுத்துவரச் சென்ற குமாஸ்தா, 192 பெட்டிகளை மட்டுமே கிடங்கில் சேர்த்தார். மீதிப் பத்தும் புரட்சியாளர் கைக்குச் சென்றன. அவற்றில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வங்கத்தின் புரட்சி வரலாற்றை அடுத்த சில ஆண்டுகள் அந்த மௌசர்களே எழுதின. ஆனால் ஒவ்வொரு மௌசரிலும் எண் இருந்தது. எண்களின் பட்டியல் ரோடா நிறுவனத்திடம் இருந்தது. எங்கெங்கு ஒரு மௌசர் பிடிபட்டதோ அங்கெல்லாம் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இது அந்த ஐம்பதில் ஒன்று' என்று காவல்துறை உறுதி செய்தது. 1918ஆம் ஆண்டு ரௌலட் குழுவின் அறிக்கை இதனைப் பதிவு செய்திருக்கிறது. எண், ஆள்வோரின் கண்ணாக இருந்தது.

இனி 1928 டிசம்பர் 17. லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்டார். அவ்வழக்கில் பகத் சிங்கின் துப்பாக்கியாகப் பதிவானது 0.32 கோல்ட் தானியங்கிப் பிஸ்டல், எண் 168896. 1931 மார்ச் 23இல் பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியோ பில்லௌர் காவலர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, பின் இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் படைக்கலப் பள்ளியை அடைந்தது. அங்கு பழைய ஆயுதங்கள் பலவற்றுள் ஒன்றாக, துருப்பிடிக்காதிருக்கப் பூசிய கறுப்பு வண்ணத்தின் அடியில், பெயரின்றிக் கிடந்தது. 2016இல் ஒரு பத்திரிகையாளர் பழைய ஆவணங்களில் அந்த எண்ணைக் கண்டெடுத்துத் துருவத் தொடங்கினார். இந்தூரில் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் இருந்தது அதே 168896! 2017இல் அது ஹுசைனிவாலாவுக்குச் சென்றது. பகத் சிங்கும் தோழர்களும் எரியூட்டப்பட்ட மண்ணுக்கே. தண்டிப்பதற்காக எழுதி வைக்கப்பட்ட எண், எண்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் நினைவுகூர்வதற்குப் பயன்பட்டது. அந்த எண் மட்டும் தேய்க்கப்பட்டிருந்தால்? அல்லது, அழகுபடுத்துகிறோம் என்று யாரேனும் அரம் கொண்டு இழைத்திருந்தால்?

ஒரு சிறு குறிப்பு. அச்சமயத்தில் செய்திகள் சிலவற்றில் '.32 மி.மீ.' என்று அச்சாகியிருந்தது. மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு என்றால் தையலூசியினும் மெல்லிய குழல் அன்றோ! அது 0.32 அங்குலம், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். மற்றொன்று: அந்தக் கோல்ட்டை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் பிரௌனிங். வாஞ்சிநாதன் கையிலிருந்த பெல்ஜியப் பிஸ்டலும் அவரது வடிவமைப்பே. மணியாச்சியையும் லாகூரையும் இணைக்கும் இச்சரடு, 'ரிவால்வர்' என்று பொதுவாக எழுதிப்போகும் எழுத்தில் ஒருநாளும் தென்படாது.

நாம் செய்யத்தக்கது

பழைய பங்களாக்களிலும் சமீன் இல்லங்களிலும் மரப்பெட்டிகளின் அடியில் இத்தகைய ஆயுதங்கள் இன்றும் கிடக்கலாம். கண்டால் முதலில் நினைவிற் கொள்ளவேண்டியது, நூறாண்டு பழையதாயினும் உள்ளே தோட்டா இருக்கக்கூடும் என்பதே. நாமே திறந்து பார்ப்பது கூடாது. உரிமமின்றி வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். வழக்கொழிந்த வகையாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ இருந்து, பழுது நீக்கினாலும் சுட இயலாத ஆயுதங்களுக்கு மட்டும் அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. அதனை முடிவு செய்யவேண்டியவர் துறையறிந்தவர். காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இன்னொரு சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புடைய ஒரு பொருள் நூறாண்டு கடந்தால் தொல்பொருளாகும்; உரிமமின்றி அதனை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. 1915இன் மார்க் 6 வெப்லி அந்த நூறாண்டைக் கடந்துவிட்டது. 1938இன் என்ஃபீல்டு இன்னும் கடக்கவில்லை. தோற்றத்தில் அண்ணன் தம்பி போன்ற இரண்டில் எது தொல்பொருள் என்பதை முடிவு செய்வது, சட்டகத்தில் பொறித்த அந்த நான்கிலக்க ஆண்டே. காலக்கணிப்பு வெறும் பொழுதுபோக்கன்று என்பது இப்போது விளங்கும்.

முக்கியமானது ஒன்று. தேய்க்காதீர்கள்! கோயில் சுவர்களைத் தூய்மையாக்குகிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளை மழுக்கிய கொடுமையை நாம் அறிவோம். உப்புத்தாள் கொண்டு பழைய துப்பாக்கியைத் தேய்ப்பதும் அதுவே. முதலில் அழிவன ஆழங்குறைந்த சிறு முத்திரைகள். அவையே உண்மை பேசுபவை. எல்லாப் புறங்களிலும் அளவுகோலுடன் நிழற்படம் எடுத்து, ஒவ்வொரு முத்திரையையும் உள்ளபடியே வரைந்து, எண்ணைக் குறித்து, 'இன்னார் வீட்டில் இவ்வாறு கிடைத்தது, இவர் இவ்வாறு சொன்னார்' என்ற செய்தியையும் எழுதி வைத்தல் வேண்டும். இறுதியில் சொன்ன அச்செய்தியைத் துப்பாக்கி தானாகச் சொல்லாது. இரும்பு தன் பிறப்பைச் சொல்லும். யார் கையில் இருந்தது என்பதை ஏடுகளும் மனிதர்களுமே சொல்லவேண்டும். இந்தூரில் எண் இருந்தது, ஆவணமும் இருந்தது, இரண்டையும் ஒப்பிட ஒருவர் வந்தார். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது இன்றும் கறுப்பு வண்ணத்தின் அடியில் பெயரற்றே கிடந்திருக்கும்.

நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் படைக்கலப் பேழைகளைக் கண்டும் காணாமல் கடந்து செல்வது நம் வழக்கம். அடுத்தமுறை சற்று நின்று பாருங்கள். பெயர்ப்பலகையில் 'பழைய துப்பாக்கி' என்று மட்டும் எழுதியிருந்தால், உருளையையும் கைப்பிடியையும் நோக்குங்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே முத்திரை ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். கண்டதைக் குறித்துக் காப்பாட்சியரிடம் கொடுங்கள். பெயரின்றிக் கிடக்கும் எண்கள் இன்னும் எத்தனையோ!